கன்டெய்னர்ல லோக்கல் டிவைஸ் மேனேஜ்மென்ட் பிளாட்ஃபார்ம் போடறது எப்படி: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சென்சார், ஸ்மார்ட் பிளக், இஎஸ்பி போர்டு (வைஃபை உள்ள சின்ன சிப் போர்டு), கேட்வே இதையெல்லாம் வெளி கிளவுட் இல்லாம நம்ம நெட்வொர்க்குக்குள்ளயே ஒரு மெஷின்ல வச்சு மேனேஜ் பண்ணணும்னு நினைக்கறவங்களுக்கு இது. உதாரணத்துக்கு திங்ஸ்போர்டு (டிவைஸ் மேனேஜ் பண்ற பிளாட்ஃபார்ம்), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), மொஸ்கிட்டோ (டிவைஸ் மெசேஜை வாங்கி அனுப்பறது) மூணையும் எடுத்துக்கிட்டேன், வேற எது போட்டாலும் முக்கால்வாசி விஷயம் அப்படியே பொருந்தும். கன்டெய்னர்னா ஒரு புரோகிராமையும் அதுக்கு வேண்டியதையும் சேர்த்துக் கட்டின தனிப் பெட்டி, அதை ஓட்டற டூல் டாக்கர், பெட்டிக்கு அச்சுதான் இமேஜ். லினக்ஸ் டெர்மினல் ஓரளவு பழக்கம்னு வச்சுக்கிட்டுதான் எழுதறேன்.

கிளவுட்ல ரெடிமேடா கிடைக்குதே, எதுக்கு லோக்கல்ல கஷ்டப்படணும்?

நெட் போனாலும் டிவைஸ் வேலை செய்யணும், டேட்டா வெளிய போகக்கூடாது, சர்வீஸ் நடத்துறவங்க ஒருநாள் கடையை மூடிட்டா நம்ம டிவைஸ் எல்லாம் செத்துப்போகக்கூடாது. இந்த மூணுல ஒண்ணாவது உங்களுக்கு முக்கியம்னா லோக்கல் போடுங்க. மூணுமே பெரிசா கவலை இல்லன்னா கிளவுட்லயே இருங்க, தப்பே இல்ல, ஏன்னா லோக்கல்ல பேக்கப், அப்டேட், செக்யூரிட்டி எல்லாமே உங்க தலையிலதான் விழும்.

திங்ஸ்போர்டா, ஹோம் அசிஸ்டன்டா, இல்ல வெறும் மொஸ்கிட்டோ போதுமா?

வீட்டு ஆட்டோமேஷன்னா ஹோம் அசிஸ்டன்ட், யோசிக்கவே வேணாம். ஒரே மாதிரி டிவைஸ் நிறைய இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனி டோக்கன் (டிவைஸோட ரகசிய அடையாளம்), டாஷ்போர்டு, அலாரம், ஃபர்ம்வேர் (டிவைஸுக்குள்ள ஓடற புரோகிராம்) அப்டேட், யூசர் பர்மிஷன் எல்லாம் வேணும்னா திங்ஸ்போர்டு. அதோட கம்யூனிட்டி எடிஷன் அப்பாச்சி 2.0 லைசென்ஸ்ல வருது, ஓப்பன் சோர்ஸ். மொஸ்கிட்டோ வெறும் மெசேஜ் புரோக்கர்தான், இங்க வந்த மெசேஜை அங்க தள்ளும், அவ்வளவுதான் அதோட வேலை. எந்த டிவைஸ் யாருது, கடைசியா எப்ப பேசிச்சு, என்ன வெர்ஷன் ஓடுதுன்னு அதுகிட்ட கேட்டா பதில் கிடைக்காது.

திங்ஸ்போர்டுக்குள்ளயே எம்க்யூடிடி (டிவைஸ் மெசேஜ் அனுப்பற பொது முறை) சர்வர் இருக்கு, அதுனால மொஸ்கிட்டோ கட்டாயம் இல்ல. ஆனா ஜிக்பீ2எம்க்யூடிடி (ஜிக்பீங்கற வயர்லெஸ் டிவைஸை எம்க்யூடிடிக்கு கொண்டுவர்ற புரோகிராம்), டாஸ்மோட்டா (ஸ்மார்ட் பிளக் மாதிரி டிவைஸ்ல ஏத்தற ஃபர்ம்வேர்) மாதிரி தனக்குன்னு டாபிக் (மெசேஜோட முகவரிப் பேரு) வச்சிருக்கற சாமான் இருந்தா, அதையெல்லாம் மொஸ்கிட்டோல சேர்த்துட்டு திங்ஸ்போர்டோட ஐஓடி கேட்வே வழியா உள்ள இழுக்கறது நிம்மதி. ரெண்டும் ஒரே மெஷின்ல ஓடினா ரெண்டுமே 1883 போர்ட்டைத்தான் கேக்கும், 'போர்ட் ஏற்கனவே எடுத்தாச்சு'ன்னு எரர் அடிக்கும், ஒண்ணை வெளிய வேற நம்பர்ல காட்டுங்க.

கன்டெய்னர் எதுக்கு, நேரா இன்ஸ்டால் பண்ணா ஆகாதா? குபர்னெட்டீஸ் வேணுமா?

நேராவும் பண்ணலாம். ஆனா ஜாவா ஒரு வெர்ஷன் கேக்கும், டேட்டாபேஸ் ஒரு வெர்ஷன் கேக்கும், ஓஎஸ் அப்டேட் வந்தா ரெண்டுல ஒண்ணு மக்கர் பண்ணும். கன்டெய்னர்ல போட்டா முழு செட்டப்பும் ஒரு கம்போஸ் ஃபைல்ல (எந்தெந்த கன்டெய்னர் எப்படி ஓடணும்ங்கற பட்டியல்) எழுதி இருக்கும், மெஷின் செத்துப்போச்சுன்னா இன்னொரு மெஷின்ல அந்த ஃபைலும் பேக்கப்பும் இருந்தா போதும், பழையபடி எழுப்பிடலாம்.

குபர்னெட்டீஸ் (நிறைய மெஷின்ல கன்டெய்னரைப் பிரிச்சு ஓட்டற சிஸ்டம்) வேணாம். ஒரு மெஷின்ல நாலஞ்சு கன்டெய்னர் ஓட்ட டாக்கர் கம்போஸே தாராளம். கவனிக்க வேண்டியது ஒண்ணு, பழைய டுடோரியல்ல நடுவுல ஹைஃபன் போட்டு ஒரே வார்த்தையா வர்ற கம்போஸ் கமாண்ட் பைத்தான்ல எழுதின முதல் வெர்ஷன், 2023 ஜூலையோட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுது. இப்ப டாக்கரோட பிளகின்னா வருது, நடுவுல ஸ்பேஸ் விட்டு அடிக்கணும்.

எந்த மாதிரி மெஷின் வேணும்? ராஸ்பெர்ரி பை தாங்குமா?

மொஸ்கிட்டோ மட்டும்னா எதுவும் தாங்கும். திங்ஸ்போர்டு ஜாவா, கூட போஸ்ட்கிரெஸ்ஸும் ஓடணும், 4 ஜிபி ராம் இருந்தா மூச்சு விடலாம், 8 இருந்தா வசதி. பை 4 இல்ல 5ல ஓடும், ஆனா எஸ்டி கார்டுல டேட்டாபேஸ் வைக்காதீங்க. டெலிமெட்ரி (டிவைஸ் அனுப்பற ரீடிங்) விடாம எழுதிக்கிட்டே இருக்கும், கார்டு தேஞ்சு ஒருநாள் ரீட் ஒன்லி ஆயிடும். யுஎஸ்பி எஸ்எஸ்டி ஒண்ணு மாட்டி அதுல வைங்க. ஓஎஸ் 64 பிட்டா போடுங்க, கன்டெய்னர் எழும்பாம 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்'னு வந்தா இமேஜ் வேற பிராசஸருக்கு பில்ட் பண்ணது, அவ்வளவுதான் அர்த்தம்.

விண்டோஸ் லேப்டாப்ல டாக்கர் டெஸ்க்டாப்ல ட்ரை பண்ணிப் பாக்கலாம், பழகறதுக்கு நல்லது. ஆனா நிரந்தரமா ஓட வேண்டியதை அதுல வைக்க வேணாம், ஸ்லீப் போகும், ரீஸ்டார்ட் ஆகும், யுஎஸ்பி டாங்கிளை உள்ள கொண்டு போறதே தனி வேலை.

கம்போஸ் ஃபைல்ல முக்கியமா என்ன இருக்கணும்?

ஒவ்வொரு சர்வீஸுக்கும் இமேஜ் பேரு வெர்ஷன் நம்பரோட, வெளிய திறக்கற போர்ட், வால்யூம் (கன்டெய்னர் போனாலும் தங்கற டேட்டா இடம்), ரீஸ்டார்ட் பாலிசி, இவ்வளவுதான். ரீஸ்டார்ட்டுக்கு 'அன்லெஸ் ஸ்டாப்டு' போடுங்க, கரண்ட் போய் வந்தா தானா எழும்பும், நீங்களே நிறுத்தினதை மட்டும் திரும்ப எழுப்பாது. பாஸ்வேர்டை கம்போஸ் ஃபைல்லயே எழுதாம தனி என்வ் ஃபைல்ல (செட்டிங் மட்டும் வைக்கற ஃபைல்) வைங்க, அந்த என்வ் ஃபைல் கிட்டுக்குள்ள (கோட் சேமிச்சு பகிர்ற இடம்) போகாம பாத்துக்கோங்க.

போர்ட் விஷயத்துல, திங்ஸ்போர்டு வெப் 8080, எம்க்யூடிடி 1883, டிஎல்எஸ் (என்கிரிப்ட் பண்ண கனெக்ஷன்) எம்க்யூடிடி 8883, கோஆப் (சின்ன டிவைஸுக்கான இன்னொரு மெசேஜ் முறை) 5683. இதுல கோஆப் யுடிபி, கம்போஸ்ல போர்ட் நம்பர் பின்னாடி யுடிபின்னு குறிப்பிடலன்னா டாக்கர் டிசிபின்னு எடுத்துக்கும், டிவைஸ் அனுப்பிக்கிட்டே இருக்கும், உள்ள ஒண்ணும் வராது, எரரும் இருக்காது.

திங்ஸ்போர்டு லாக்ல டேட்டாபேஸ் கனெக்ஷன் ரிஃப்யூஸ்டுன்னு வருது, ஆனா போஸ்ட்கிரெஸ் ஓடுதே?

பெரும்பாலும் ரெண்டு காரணம்தான் இருக்கும். ஒண்ணு, டேட்டாபேஸ் அட்ரஸ்ல லோக்கல்ஹோஸ்ட்னு போட்டிருப்பீங்க. கன்டெய்னருக்குள்ள இருந்து லோக்கல்ஹோஸ்ட்னா அந்த கன்டெய்னரேதான், பக்கத்து கன்டெய்னர் இல்ல. கம்போஸ் ஃபைல்ல சர்வீஸுக்கு என்ன பேரு வச்சீங்களோ அதையே ஹோஸ்ட் நேமா போடுங்க, டாக்கரோட உள் டிஎன்எஸ் பாத்துக்கும்.

ரெண்டாவது, வரிசை. 'டிபென்ட்ஸ் ஆன்' போட்டா முன்னாடி கன்டெய்னரை ஸ்டார்ட் பண்ணும், அது ரெடியான்னு பாக்காது. போஸ்ட்கிரெஸ்ஸுக்கு பிஜி ஈஸ்ரெடி (டேட்டாபேஸ் ரெடியான்னு கேக்கற கமாண்ட்) வச்சு ஒரு ஹெல்த்செக் எழுதி, திங்ஸ்போர்டு அது ஹெல்தி ஆனதுக்கப்புறம் மட்டும் எழும்பற மாதிரி கண்டிஷன் போடுங்க. அதோட முதல் தடவை டேட்டாபேஸ்ல டேபிள் எல்லாம் உருவாக்கற இன்ஸ்டால் ஸ்டெப் ஒண்ணு இருக்கு, அதை ஓட்டாம நேரா அப் பண்ணிட்டு ஏன் எழும்பலன்னு கேக்கறவங்க நிறைய.

மொஸ்கிட்டோ நல்லா ஓடுது, ஆனா எந்த டிவைஸும் கனெக்ட் ஆகல?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி. மொஸ்கிட்டோ 2.0 வந்ததுல இருந்து, கான்ஃபிக்ல லிசனர்னு ஒரு வரி இல்லன்னா அந்த மெஷினுக்குள்ள இருந்து வர்ற கனெக்ஷனை மட்டும்தான் ஏத்துக்கும். கன்டெய்னர்ல ஓடும்போது 'அந்த மெஷின்'ங்கறது கன்டெய்னரே, அதுனால நீங்க 1883ஐ வெளிய திறந்து வச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்ல. லாக் பாத்தீங்கன்னா 'ஸ்டார்ட்டிங் இன் லோக்கல் ஒன்லி மோட்'னு அதுவே சொல்லும். கான்ஃபிக்ல லிசனர் 1883ன்னு ஒரு வரி, பாஸ்வேர்டு ஃபைல் எங்க இருக்குன்னு ஒரு வரி போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. நெட்ல தேடினா 'அலோ அனானிமஸ் ட்ரூ' போடுங்கன்னு முதல் பதிலா வரும், அது டெஸ்ட் பண்ண சரி, அப்படியே விட்டுட்டா வைஃபைல இருக்கற யார் வேணாலும் உங்க ரிலேயை ஆன் ஆஃப் பண்ணலாம்.

டிவைஸ்ல சர்வர் அட்ரஸா என்ன கொடுக்கணும்? ஐபி கொடுத்தா போதாதா?

இதை முதல் டிவைஸ் கனெக்ட் பண்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, தயவுசெஞ்சு. சர்வர் பக்கத்துல எது தப்பானாலும் உக்காந்த இடத்துல இருந்து மாத்திடலாம், கன்டெய்னரை தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுப்பலாம், பிளாட்ஃபார்மையே கூட மாத்தலாம். ஆனா ஃபர்ம்வேர்ல எழுதி மேல கூரையில மாட்டின சென்சார் பழைய ஐபியைத்தான் தேடிக்கிட்டே இருக்கும், ஏணி போட்டு ஏறி கழட்டி கேபிள் சொருகித்தான் மாத்தணும். இருபது டிவைஸ் இருந்தா இருபது தடவை.

அதுனால ஹோஸ்ட் நேம் கொடுங்க. ரவுட்டர்லயோ லோக்கல் டிஎன்எஸ்லயோ அந்த பேரை சர்வர் ஐபிக்கு காட்டுங்க, சர்வருக்கு டிஹெச்சிபி ரிசர்வேஷனும் (ரவுட்டர் எப்பவும் அதே ஐபி கொடுக்கற செட்டிங்) போட்டுடுங்க. நாளைக்கு வேற மெஷின் மாத்தினாலும் டிஎன்எஸ்ல ஒரு வரி மாத்தினா முடிஞ்சுது. டாட் லோக்கல்ல முடியற பேரை தவிர்த்துடுங்க, அது எம்டிஎன்எஸ் (டிஎன்எஸ் சர்வர் இல்லாம நெட்வொர்க்குல எல்லார்கிட்டயும் கேட்டு பேரைக் கண்டுபிடிக்கற முறை) வழியா போகும், மல்டிகாஸ்ட் ஒரு நெட்வொர்க்குல இருந்து இன்னொண்ணுக்கு தானா தாண்டாது, நாளைக்கு டிவைஸை எல்லாம் தனி விலான்ல (நெட்வொர்க்குல பிரிச்சு வச்ச தனிப் பகுதி) போட்டா பேரே கிடைக்காது. சின்ன போர்டுல எம்டிஎன்எஸ் சப்போர்ட்டும் ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது.

இன்னொண்ணு, டாக்கர் தானா எடுத்துக்கற உள் நெட்வொர்க் 172.17ல ஆரம்பிச்சு மேல போகும். ஆபீஸ் நெட்வொர்க்கோ விபிஎன்னோ அதே ரேஞ்ச்ல இருந்தா மோதிக்கும், அறிகுறி என்னன்னா சில மெஷின்ல இருந்து மட்டும் சர்வர் தெரியாது. டாக்கர் டீமன் கான்ஃபிக்ல டிஃபால்ட் அட்ரஸ் பூல் மாத்தி வேற ரேஞ்ச் கொடுங்க.

ஒவ்வொரு டிவைஸுக்கும் தனி டோக்கன் வேணுமா? ஒரே ஃபர்ம்வேரை எல்லாத்துலயும் ஏத்திட்டா வேலை மிச்சமாச்சே?

ஃபர்ம்வேர் ஒண்ணா இருக்கலாம், அடையாளம் ஒண்ணா இருக்கக்கூடாது. திங்ஸ்போர்டுல டிவைஸோட ஆக்சஸ் டோக்கனைத்தான் எம்க்யூடிடி யூசர்நேமா கொடுப்போம், ஒரே டோக்கனை ரெண்டு போர்டு யூஸ் பண்ணா ரெண்டோட ரீடிங்கும் ஒரே கிராஃப்ல கலந்து வரும், டெம்பரேச்சர் 24, 31, 24, 31ன்னு குதிக்கறதைப் பாத்துட்டு சென்சார் கெட்டுப்போச்சுன்னு மாத்திட்டு இருப்பீங்க.

மொஸ்கிட்டோல இதே தப்பு வேற மாதிரி தெரியும். எம்க்யூடிடி ரூல் படி ஒரு கிளையன்ட் ஐடிக்கு ஒரு கனெக்ஷன்தான், அதே ஐடியோட இன்னொருத்தர் வந்தா புரோக்கர் பழசை வெட்டி விட்டுடும். வெட்டுப்பட்டது உடனே திரும்ப கனெக்ட் ஆகும், அப்ப மத்தது வெட்டுப்படும், இப்படியே ரெண்டும் மாத்தி மாத்தி அடிச்சுக்கும். லாக்ல 'ஆல்ரெடி கனெக்டட், குளோசிங் ஓல்ட் கனெக்ஷன்'னு நொடிக்கொரு தடவை ஓடினா வைஃபையை திட்டாதீங்க, ஐடியைப் பாருங்க. சிப்போட மேக் அட்ரஸை வச்சே கிளையன்ட் ஐடி உருவாக்கற மாதிரி கோட் எழுதிட்டா இந்த பிரச்சனை வராது. டோக்கனுக்கு டிவைஸ் புரொவிஷனிங்னு ஒரு வசதி இருக்கு, டிவைஸ் முதல் தடவை ஒரு பொதுவான கீயோட வந்து தன் பேரைச் சொல்லி சொந்த டோக்கன் வாங்கிட்டுப் போகும், பத்துக்கு மேல டிவைஸ் இருந்தா அதை செட் பண்ணிடுங்க.

டிவைஸ் ஆஃப்லைன் ஆனா உடனே தெரிய மாட்டேங்குதே?

பேட்டரி பிடுங்கினா டிவைஸ் பை சொல்லிட்டு போகாது, சர்வர்தான் ஊகிக்கணும். எம்க்யூடிடில கீப் அலைவ் (உயிரோட இருக்கேன்னு சொல்ற இடைவெளி) நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வரைக்கும் சத்தமே இல்லன்னா புரோக்கர் கனெக்ஷனை மூடிட்டு, டிவைஸ் முன்னாடியே கொடுத்து வச்ச லாஸ்ட் வில் மெசேஜை அனுப்பும். கீப் அலைவ் 60 நொடின்னா 90 நொடி ஆகும். திங்ஸ்போர்டுல இனாக்டிவிட்டி டைம்அவுட் தனியா இருக்கு, டிஃபால்ட் 10 நிமிஷம், டிவைஸ் வாரியா மாத்திக்கலாம். அரை மணிக்கு ஒருதரம் முழிச்சு பேசற பேட்டரி சென்சாருக்கு 10 நிமிஷத்தையே விட்டு வச்சா நாள் முழுக்க அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கும்.

லோக்கல் நெட்வொர்க்தானே, டிஎல்எஸ் எல்லாம் அவசியமா?

டிவைஸ் எல்லாம் தனி விலான்ல இருந்து, அங்கிருந்து சர்வரோட எம்க்யூடிடி போர்ட் மட்டும் திறந்திருந்தா, முதல்ல டிஎல்எஸ் இல்லாம ஆரம்பிக்கலாம்னுதான் நான் சொல்வேன். எல்லாரும் ஒரே வைஃபைல இருந்தா போடத்தான் வேணும், ஏன்னா டோக்கன் அப்படியே வெறும் எழுத்தா போகுது.

போடும்போது ரெண்டு விஷயம் கடிக்கும். சொந்த சிஏ (சர்ட்டிஃபிகேட்டுக்கு கையெழுத்து போடற அமைப்பு) உருவாக்கினா அந்த சிஏ சர்ட்டிஃபிகேட் டிவைஸ்ல இருக்கணும், அதுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள் கொடுத்தா அடுத்த வருஷம் எல்லா டிவைஸும் ஒரே நாள்ல நின்னுடும், சிஏவுக்கு நீண்ட காலம் கொடுத்துட்டு சர்வர் சர்ட்டிஃபிகேட்டை மட்டும் அடிக்கடி மாத்துங்க. இன்னொண்ணு கடிகாரம். இஎஸ்பி32 மாதிரி போர்டுல பேட்டரி கடிகாரம் கிடையாது, ஆன் ஆகும்போது 1970 ஜனவரி 1ன்னுதான் நினைச்சுக்கும். சர்ட்டிஃபிகேட் தேதியை செக் பண்ற லைப்ரரியா இருந்தா 'இது இன்னும் செல்லுபடி ஆகல'ன்னு மறுத்துடும். முதல்ல என்டிபில (நெட்வொர்க் வழியா நேரம் கேக்கற முறை) நேரம் வாங்கிட்டு அப்புறம் கனெக்ட் ஆகற மாதிரி வரிசையை எழுதணும். டிஎல்எஸ் இல்லாதவங்களுக்கும் இது உண்டு, டிவைஸே டைம்ஸ்டாம்ப் போட்டு அனுப்பினா ரீடிங் எல்லாம் 1970ல போய் உக்காந்துக்கும், டாஷ்போர்டு காலியா இருக்கும், டேட்டாபேஸ் மட்டும் வளரும்.

யுஎஃப்டபிள்யூல (லினக்ஸ் ஃபயர்வால்) போர்ட்டை பிளாக் பண்ணேன், அப்பவும் வெளியில இருந்து திறக்குதே?

ஆமா, திறக்கும். டாக்கர் தான் திறக்கற போர்ட்டுக்கு ஐபிடேபிள்ஸ்ல (கெர்னலோட ஃபயர்வால் ரூல் பட்டியல்) நேரா தன் ரூலை எழுதிக்கும், அந்த டிராஃபிக் யுஎஃப்டபிள்யூ ரூல் பக்கமே வராது. போஸ்ட்கிரெஸ்ஸோட 5432ஐ கம்போஸ்ல போர்ட்ஸ்ல எழுதவே வேணாம், கன்டெய்னர்கள் தங்களுக்குள்ள பேச அது தேவையில்ல. ஹோஸ்ட் மெஷின்ல இருந்து மட்டும் பாக்கணும்னா போர்ட் முன்னாடி 127.0.0.1 சேர்த்து எழுதுங்க. அப்புறம் திங்ஸ்போர்டோட டிஃபால்ட் சிஸ்அட்மின் அக்கவுண்ட், டெமோ டெனன்ட் அக்கவுண்ட் ரெண்டோட பாஸ்வேர்டும் டாக்குமென்டேஷன்லயே எழுதி இருக்கு, உலகத்துக்கே தெரியும். முதல் லாகின்லயே மாத்திடுங்க.

ஜிக்பீ டாங்கிள் ரீபூட் ஆனதும் காணாம போகுது, ஏன்?

டிடிஒய் யுஎஸ்பி 0ன்னு மேப் பண்ணி இருப்பீங்க. இன்னொரு யுஎஸ்பி சாமான் முந்திக்கிட்டா அது 1 ஆயிடும். டெவ் ஃபோல்டருக்குள்ள சீரியல், அதுக்குள்ள பை ஐடின்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அங்க டாங்கிளோட சொந்த சீரியல் நம்பரோட மாறாத பேரு இருக்கும், அதை மேப் பண்ணுங்க.

கன்டெய்னரை டெலிட் பண்ணா டேட்டா போயிடுமா?

கன்டெய்னர் லாட்ஜ் ரூம் மாதிரி, காலி பண்ணும்போது உங்க பெட்டியை நீங்கதான் எடுத்துட்டுப் போகணும், அந்தப் பெட்டிதான் வால்யூம். வால்யூம்ல இருக்கறது தங்கும், மத்தது போயிடும். கம்போஸ் டவுன் அடிச்சா கன்டெய்னர் போகும், நேம்டு வால்யூம் இருக்கும். அதுக்குப் பின்னாடி மைனஸ் வி சேர்த்தா வால்யூமும் சேர்ந்து அழியும், கேள்வியெல்லாம் கேக்காது. 'கிளீனா திரும்ப ஸ்டார்ட் பண்ண' இதை அடிங்கன்னு எழுதி வச்சிருக்கற டுடோரியல் ஏகப்பட்டது இருக்கு, காப்பி பேஸ்ட் பண்றதுக்கு முன்னாடி கடைசி எழுத்தைப் பாருங்க.

பேக்கப் எடுக்கும்போது போஸ்ட்கிரெஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போதே அதோட டேட்டா ஃபோல்டரை காப்பி பண்ணாதீங்க, பாதி எழுதின நிலையில மாட்டும். கன்டெய்னருக்குள்ள பிஜி டம்ப் ஓட்டி வர்ற ஃபைலை வேற மெஷினுக்கு அனுப்புங்க. கூடவே கம்போஸ் ஃபைல், என்வ் ஃபைல், மொஸ்கிட்டோ கான்ஃபிக், சிஏவோட பிரைவேட் கீ, ஜிக்பீ2எம்க்யூடிடியோட டேட்டா ஃபோல்டர். கடைசியா சொன்னதுல நெட்வொர்க் கீ இருக்கு, அது தொலைஞ்சா எல்லா ஜிக்பீ டிவைஸையும் ஒவ்வொண்ணா திரும்ப இணைக்கணும். ஒரு தடவையாவது இன்னொரு மெஷின்ல ரீஸ்டோர் பண்ணிப் பாத்துடுங்க.

டிஸ்க் திடீர்னு ஃபுல் ஆயிடுச்சு?

முதல்ல லாக்கைப் பாருங்க. டாக்கரோட டிஃபால்ட் ஜேசான் லாக் டிரைவர் எந்த லிமிட்டும் இல்லாம வளரும். கம்போஸ்ல மேக்ஸ் சைஸ் 10 எம்பி, மேக்ஸ் ஃபைல் 3ன்னு போட்டுட்டா அடங்கிடும், ஆனா ஏற்கனவே இருக்கற கன்டெய்னருக்கு அது ஒட்டாது, திரும்ப உருவாக்கணும்.

அடுத்து டெலிமெட்ரி. 50 டிவைஸ், ஒவ்வொண்ணும் 5 வேல்யூ, 10 நொடிக்கு ஒருதரம்னா ஒரு நாளைக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் வரி. அதையே நிமிஷத்துக்கு ஒருதரம்னு மாத்தினா 3 லட்சத்து 60 ஆயிரம். ரூம் டெம்பரேச்சரை 10 நொடிக்கு ஒருதரம் தெரிஞ்சு யாரும் ஒண்ணும் பண்ணப்போறதில்ல, மாறினா மட்டும் அனுப்பற மாதிரி டிவைஸ்லயே எழுதுங்க, பேட்டரியும் மிச்சம். பழைய டேட்டாவுக்கு டிடிஎல் (குறிப்பிட்ட காலம் ஆனதும் தானா அழிக்கற செட்டிங்) செட் பண்ணி வைங்க.

இமேஜ்ல லேட்டஸ்ட்னு போட்டு வச்சா தானா அப்டேட் ஆயிடும்ல?

தானா ஆகாது, ஆனா அடுத்த தடவை இமேஜ் புல் பண்ணும்போது புது வெர்ஷன் வந்துடும், அதுதான் பயம். போஸ்ட்கிரெஸ் மேஜர் வெர்ஷன் மாறினா பழைய டேட்டா ஃபோல்டரை புது வெர்ஷன் திறக்காது, டம்ப் எடுத்து புதுசுல ஏத்தணும். 18ல இருந்து அஃபிஷியல் இமேஜ்ல டேட்டா வைக்கற பாதையே மாறியிருக்கு, பழைய கம்போஸ் ஃபைல்ல நம்பரை மட்டும் மாத்தினா வால்யூம் தப்பான இடத்துல மாட்டும். திங்ஸ்போர்டுக்கும் இமேஜ் மாத்தறதோட அப்கிரேட் ஸ்டெப் ஒண்ணு ஓட்டணும், டேட்டாபேஸ் டேபிள் மாறுது இல்லையா. அதுனால முழு வெர்ஷன் நம்பர் எழுதுங்க, பேக்கப் எடுங்க, அப்புறம் மாத்துங்க. தானா இமேஜ் இழுத்துப்போடற டூல் எதையும் டேட்டாபேஸ் பக்கம் விடாதீங்க.

ஃபர்ம்வேர் அப்டேட்டை பிளாட்ஃபார்மே பாத்துக்குமா?

பாதி பாத்துக்கும். ஃபைலை வச்சுக்கும், எந்த டிவைஸ் புரொஃபைலுக்கு எந்த வெர்ஷன்னு சொல்லும், செக்சம்மோட துண்டு துண்டா அனுப்பும். வாங்கி, சரிபார்த்து, எழுதி, ரீபூட் ஆகி, சரியா வரலன்னா பழசுக்குத் திரும்பறது டிவைஸ் கோட்ல நீங்க எழுத வேண்டியது. இஎஸ்பி32ல ரெண்டு ஓடிஏ (கேபிள் இல்லாம அப்டேட்) பார்ட்டிஷன் வச்சு ரோல்பேக் பண்ற வசதி இருக்கு, புது ஃபர்ம்வேர் சர்வரோட கனெக்ட் ஆனதுக்கப்புறம்தான் 'நான் நல்லா இருக்கேன்'னு குறிக்கணும், பூட் ஆன உடனே குறிச்சா ரோல்பேக் வச்சதுக்கே அர்த்தம் இல்ல. முதல்ல கைக்கெட்டற தூரத்துல இருக்கற ஒரு டிவைஸ்ல ஏத்திப் பாருங்க, கூரையில இருக்கறது கடைசி.

கன்டெய்னர் அடிக்கடி தானா நின்னு 137ன்னு காட்டுது?

யாரோ கில் சிக்னல் கொடுத்து நிறுத்தியிருக்காங்க, பெரும்பாலும் ராம் பத்தாம கெர்னல்தான். டாக்கர் இன்ஸ்பெக்ட்ல ஓஓஎம் கில்டு ட்ரூன்னு இருந்தா உறுதி. ஜாவாவோட ஹீப் (டேட்டா வச்சுக்க எடுக்கற மெமரி) அளவை குறைச்சு செட் பண்ணுங்க, கன்டெய்னர் லிமிட் அதைவிட கொஞ்சம் அதிகமாவே இருக்கட்டும், ஹீப் தவிர வேற மெமரியும் ஜாவா எடுக்கும்.

இன்டர்நெட்டே இல்லாத இடத்துல ஓடுமா?

ஓடும். இமேஜை நெட் இருக்கற மெஷின்ல டாக்கர் சேவ் பண்ணி டார் ஃபைலா எடுத்துட்டு வந்து அங்க டாக்கர் லோட் பண்ணலாம், ரெண்டும் ஒரே பிராசஸர் வகையான்னு மட்டும் பாத்துக்கோங்க. மேப் விட்ஜெட் காலியா இருக்கும், அதோட படம் எல்லாம் வெளியில இருந்துதான் வரும். நேரத்துக்கு சர்வர்லயே குரோனி (நேரம் கொடுக்கற புரோகிராம்) போட்டு டிவைஸ் எல்லாத்தையும் அதைக் கேக்கச் சொல்லுங்க. இதைச் சரியா பண்ணியாச்சான்னு தெரிஞ்சுக்க ஒரே வழி, ரவுட்டர்ல வான் கேபிளை (இன்டர்நெட் வர்ற கேபிள்) பிடுங்கிட்டு சர்வரையும் டிவைஸையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, வெறுமனே கேபிளை மட்டும் பிடுங்கினா ஏற்கனவே நேரம் தெரிஞ்ச டிவைஸ் எல்லாம் நல்லாத்தான் ஓடும், ரீபூட் ஆனாதான் எது எதையெல்லாம் வெளியில தேடுதுன்னு தெரியவரும்.